லீவில் வந்த கலங்கரை விளக்கக்காரன்

கலங்கரை விளக்கத்தில் வேலை பார்ப்பவனுக்குக் கப்பல்காரர்கள் நன்றி சொல்வார்கள் என்று நீங்கள் நினைத்திருந்தால், பத்தொன்பது வருஷத்தில் ஒருவன்கூடக் கரையிறங்கி வந்து உன் விளக்கு நன்றாக எரிகிறதய்யா என்று சொன்னதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எரிந்தால் யாருக்கும் தெரியாது. அணைந்தால் விசாரணை வரும்.

குடும்பம் ஓரிடம், உத்தியோகம் ஓரிடம் என்று காலம் தள்ளுகிற சகோதர சகோதரிகளே, என் பாடு உங்களுக்குப் புரியும். நான் இருந்தது தெற்கே ஒரு கடலோர ஊரில், கம்பெனி காலத்துக் கல் கோபுரத்தில். ஊர்ப் பெயர் வேண்டாம். என் மனைவி வசந்தாவுக்கு ஆவடித் தொழிற்சாலையில் தையல் வேலை. கோபுரத்தடியில் எங்களுக்கு வீடு உண்டுதான். ஆனால் கிணற்றில் உப்புத் தண்ணீர், பக்கத்தில் பள்ளிக்கூடம் கிடையாது. அவள் வேலையை விட வேண்டாம் என்று இருவரும் பேசித்தான் முடிவு செய்தோம். எண்பதாம் வருஷம் கல்யாணமான கையோடு திருமுல்லைவாயிலில் அவள் தம்பி சம்பத் வீட்டுக்குப் பக்கத்துப் போர்ஷனில் குடி வைத்துவிட்டு நான் பஸ் ஏறினேன். சம்பத் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன். அவனுக்கும் அவன் மனைவி ராணிக்கும் குழந்தை இல்லை. எங்களுக்கு ஒரே பெண், கலா.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. மாற்று ஆள் வந்து சாவியை வாங்கிக்கொண்டால்தான் நாம் படியிறங்கலாம். அவன் நாலு நாள் தாமதமாக வந்தால் நம் லீவும் நாலு நாள் தள்ளிப் போகும். எனக்கு இருந்ததோ ஒரே ஆசை. என் பெண் என்னை அப்பா என்று மனசார நினைக்க வேண்டும். அந்த விதியும் இந்த ஆசையும் முட்டிக்கொண்ட சில சந்தர்ப்பங்களைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

குடும்பத் தலைவர்

கல்யாணமான புதிதில் ரேஷன் கார்டு வாங்கப் போனோம். விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில் கலங்கரை விளக்கம் என்று எழுதியிருந்தேன். அந்தக் குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். ஆவடியிலிருந்து கடல் எவ்வளவு தூரம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தினமும் எப்படிப் போய் வருகிறீர்கள் என்று கேட்டார். போய் வருவதில்லை, அங்கேயேதான் இருக்கிறேன், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பத்து நாள் வருவேன் என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். என்னிடம் பேசிப் பயனில்லை என்று தோன்றியதோ என்னவோ, வசந்தாவின் பக்கம் திரும்பிக்கொண்டார். குரலில் கிண்டல் இல்லை, நிஜமாகவே சந்தேகம்.

"குடும்பத் தலைவரு குடும்பத்துலயே இல்லையேம்மா, பேரை எந்த எடத்துல எழுதுறது?"

பலகையில் இருந்த பெயர்கள்

கோபுரத்தின் கீழறையில் ஒரு மரப்பலகை தொங்கும். அங்கே காவல் இருந்தவர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். முதலில் வெள்ளைக்காரர்கள், அப்புறம் சட்டைக்காரர்கள் என்று நாம் சொல்லும் ஆங்கிலோ இந்தியர்கள், அப்புறம் நம்மவர்கள். முதல் ஆட்கள் தேங்காய் எண்ணெயில் திரி போட்டு எரித்தவர்கள். அடுத்து மண்ணெண்ணெய், பிறகு பெட்ரோமாக்ஸ் மாதிரி காற்றடித்து எரிக்கிற விளக்கு, கடைசியில் மின்சாரம். விளக்கைச் சுற்ற வைக்க நூற்றுக்கும் மேற்பட்ட படி உயரத்திலிருந்து ஓர் இரும்புக் குண்டு மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். அது தரையைத் தொடுவதற்குள் கையால் சுற்றி மறுபடி மேலேற்ற வேண்டும். இதற்காகவே அந்தக் காலத்தில் ஆள்மாற்றி ஆள் தூங்காமல் இருந்தார்கள். எங்கள் காலத்தில் அதற்கு மோட்டார் வந்துவிட்டது.

அன்றாட நடப்பை எழுதி வைக்கிற பழைய லாக் புத்தகங்களும் அலமாரியில் இருந்தன. கலா பிறந்த செய்தி தந்தியில் வந்த அன்று மாற்று ஆள் வரவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். எண்ணெய் விளக்குக் காலத்து ஆள் ஒருவன் எழுதியிருந்தான்: மனைவிக்குப் பெண் குழந்தை. வாடைக் காற்று. விளக்கு உரிய நேரத்தில் ஏற்றப்பட்டது. அவ்வளவுதான். எனக்கு ஒரு துணை கிடைத்தாற்போல் இருந்தது. ஹெட் கீப்பர் ஞானமுத்துவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பார்த்தீர்களா, இந்த மனுஷனுக்கும் பெண் பிறந்திருக்கிறது என்றேன். அவர் பக்கங்களைத் தள்ளித் தள்ளி அந்த வருஷம் முழுவதையும் படித்துவிட்டு மூடினார்.

"அந்தப் பிள்ளைக்கு என்ன பேரு வச்சாங்கன்னு எங்கயும் இல்ல, தம்பி. காத்து எந்தப் பக்கம் அடிச்சுதுன்னு மட்டும் ஒரு நாள் விடாம இருக்கு."

நான் என் பெண்ணை முதன்முதலாகப் பார்த்தபோது அவளுக்கு நாற்பத்தோரு நாள். பெயர் வைத்து முடித்திருந்தார்கள்.

திரைச்சீலை

விளக்கை அணைத்தவுடன் நாங்கள் செய்கிற முதல் வேலை, மேலே கண்ணாடி அறையைச் சுற்றித் திரைச்சீலை இழுத்து மூடுவது. பகலில் வெயில் அந்தப் பெரிய லென்ஸில் நேராக விழுந்தால் ஒளி ஓரிடத்தில் குவிந்து தீப்பிடித்துவிடும். வருஷக்கணக்காகச் செய்து செய்து, சூரியன் தலைகாட்டினாலே கை தானாகத் திரையைத் தேடும். லீவில் வந்த ஒரு காலையில் திருமுல்லைவாயில் வீட்டிலும் அதைத்தான் செய்தேன். அரைத்தூக்கத்தில் எழுந்து ஜன்னல்களில் போர்வை, வசந்தாவின் புடவை, கையில் கிடைத்ததையெல்லாம் மாட்டிவிட்டு, திருப்தியாகப் படுத்துக்கொண்டேன்.

வசந்தாவுக்கு அன்று முதல் ஷிப்ட். விடிந்தது தெரியாமல் தூங்கிப் போய், தொழிற்சாலைச் சங்கு ஊதும் சத்தம் கேட்டு எழுந்தவள், இருட்டில் கேட் பாஸைத் தேடி ஒரு பாத்திரத்தை உருட்டினாள். அந்தச் சத்தத்தில் கலா விழித்துக்கொண்டாள். அவளுக்கு அப்போது இரண்டு வயது. முந்தின நாள்தான் வந்திருந்த ஓர் ஆள் இருட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அலறினாள். நான் தூக்கப் போனேன். இன்னும் அலறினாள். பக்கத்துப் போர்ஷனிலிருந்து சம்பத் ஓடிவந்து கதவைத் தள்ளியதும், "அப்பா" என்று கத்திக்கொண்டு அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

வசந்தா வேலைக்கு ஓடிவிட்டாள். நான் ஒவ்வொரு ஜன்னலாகப் போர்வையை அவிழ்த்தேன். சம்பத்தால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்தபடியே சுவரைப் பார்த்துப் பேசினான்.

"கோச்சுக்காத மாமா. கொயந்த அது, எதிர்ல எவன் கீறானோ அவன அப்பான்னு சொல்லிக்கினு கீது."

ஒரு ஃபீஸ்

இது சின்ன விஷயம். ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டில் மட்டும் மின்சாரம் போய்விட்டது. நான் நாற்காலி போட்டு ஏறி மீட்டர் பெட்டியைத் திறப்பதற்குள் கலா சிட்டாகப் பறந்துபோய் மாமாவைக் கூட்டி வந்துவிட்டாள். சம்பத் வந்து ஃபீஸ் கம்பியை மாற்றினான், நான் டார்ச் பிடித்தேன். எதிர்வீட்டில் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவர் இருந்தார். எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாத நல்ல மனிதர்.

"கப்பலுக்கே வெளிச்சம் காட்டுதவரு, ஒரு பீஸ் போடத் தெரியாதோ?"

என் அப்பா

நேரில் முடியாததைக் கடிதத்தில் செய்யலாம் என்று ஆரம்பித்தேன். கலா எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியதும் வாரம் ஓர் இன்லண்ட் லெட்டர். என்ன எழுதுவது? அங்கே தினமும் ஒரே கடல், ஒரே படி. அதனால் பலகையில் இருந்த ஆட்களை ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டேன். தேங்காய் எண்ணெய் உறைந்துபோய் விளக்கு மங்கிய மார்கழியில் எண்ணெய்ச் சட்டியைத் தன் போர்வையில் சுற்றி மடியில் வைத்துச் சூடேற்றிய ஆள். குண்டு கயிறறுந்து விழுந்து கால் நசுங்கிய ஆள், அதன் பிறகும் எட்டு வருஷம் படியேறினவர். பாதியைப் புத்தகங்களில் படித்தேன், பாதியை ஞானமுத்து சொன்னார். கலா அவற்றை ராணிக்கும் சம்பத்துக்கும் உரக்கப் படித்துக் காட்டுவாள் என்று வசந்தா எழுதியிருந்தாள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

நாலாம் வகுப்பில் 'என் அப்பா' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். நான் லீவில் வந்திருந்த சமயம், டீச்சர் என்னைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். கட்டுரை நோட்டை என்னிடமே கொடுத்தார். இரண்டரைப் பக்கம். தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய், மின்சாரம், போர்வைக்காரர், கால் நசுங்கினவர், எல்லாம் ஒன்றுவிடாமல் இருந்தது. கடைசி வரி: 'இப்பொழுது அங்கே என் அப்பா இருக்கிறார்.' நான் எப்படி இருப்பேன், என்ன சாப்பிடுவேன், அவளோடு என்ன விளையாடுவேன் என்று ஒரு வார்த்தை கிடையாது. அவளுக்கு எப்படித் தெரியும்? நானும் அதையெல்லாம் எழுதவில்லையே.

டீச்சர் கெட்டவர் இல்லை. நல்ல மதிப்பெண்தான் போட்டிருந்தார்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கா சார். ஆனா நான் குடுத்த தலைப்பு 'என் அப்பா', 'கலங்கரை விளக்கம்' இல்ல."

கையெழுத்து

கட்டுரையைப் படித்துவிட்டுத் திரும்பியவன் மாற்றலுக்கு மும்முரமாக அலைய ஆரம்பித்தேன். பட்டணத்துக் கலங்கரை விளக்கத்துக்கு வந்துவிட்டால் திருமுல்லைவாயிலிலிருந்து மின்சார ரயில் ஏறி வேலைக்குப் போய், ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்துவிடலாம். அங்கே ஆரோக்கியம் என்று ஒருவர் இருந்தார். அவருக்கு என் கோபுரம் இருந்த ஊர்தான் சொந்த ஊர். ஆளுக்கு ஆள் இடம் மாற்றிக்கொள்வதாக இருவரும் கையெழுத்துப் போட்டோம். விண்ணப்பத்தை என்னிடமே கொடுத்து வைத்திருந்தார், லீவு முடிவதற்குள் நான் ஆபீஸில் சேர்ப்பதாக ஏற்பாடு. கலா அடுத்த மாதத்திலிருந்து அப்பா தினமும் வருவார் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்துவிட்டாள்.

நான் சேர்க்கப் போக இருந்த நாளுக்கு முந்தின நாள், ஆரோக்கியம் விலாசம் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்தார். அவர் மனைவிக்குச் சிறுநீரகம் கெட்டுப் போயிருக்கிறது, வாரம் தவறாமல் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். காகிதத்தைத் திருப்பிக் கொடு என்று அவர் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டது போட்டதுதான், இருந்தாலும் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றார். கலா அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். நான் உள்ளே போய்க் காகிதத்தை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன். கொடுத்த பிறகு அழுகை வந்துவிட்டது. நல்லவேளை, அவர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

வசந்தா கலாவை உள்ளே அனுப்பிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போவட்டும் வுடுங்க. அந்த ஊட்லயும் ஒருத்தி பயந்துகினு தானே கீறா."

பதினோரு படகு

கலாவுக்குப் பன்னிரண்டு வயதில் டைபாய்டு வந்தது. தந்தி என் கைக்கு வந்த சமயம் புயல் கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. கரண்ட் இல்லை, ஜெனரேட்டர் அறையில் முழங்கால் தண்ணீர். மண்ணெண்ணெய் விளக்கைப் பற்றவைத்து, லென்ஸைக் கையாலேயே சுற்றிக்கொண்டிருந்தோம். இருந்தது நானும் ஞானமுத்துவும்தான். அவர் தந்தியைப் படித்துவிட்டு, நீ போ, நான் எழுதிச் சமாளித்துக்கொள்கிறேன் என்றார். விதியை மீறி என்னைப் போகச் சொன்ன ஒரே மேலதிகாரி அவர்தான். ஆனால் அவருக்கு முழங்கால் வீக்கம். ஊரிலிருந்து போன பதினோரு படகுகள் இன்னும் திரும்பவில்லை. கீழே பெண்கள் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். நான் போகவில்லை. யாரும் என்னைத் தடுக்கவில்லை, நானாகத்தான் நின்றேன். இதை மட்டும் விதியின் தலையில் போட என்னால் முடியாது.

மூன்றாம் நாள் கடைசிப் படகு வந்தது. ஐந்தாம் நாள் நான் திருமுல்லைவாயில் வந்து சேர்ந்தேன். சம்பத் கலாவை சைக்கிளில் முன்னால் உட்காரவைத்து, ராணி பின்னாலேயே ஓட, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறான். நாலு நாள் லேத் பக்கமே போகவில்லை. நான் நுழைந்தபோது ஜுரம் இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டிருந்தாள். ராணி மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். ஏன் வரவில்லை என்று கேட்பாள் என நினைத்து, பஸ்ஸிலேயே பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். நடந்ததைச் சொன்னேன். குறைப்பட்டுக்கொள்ளாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்ற முகத்தோடு கேட்டாள்.

"அந்தப் போட்டுக்காரங்க எல்லாரும் வந்துட்டாங்களாப்பா?"

விரதம்

கலாவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை பாரிவாக்கத்துப் பையன், நல்ல குடும்பம். எல்லாவற்றையும் வசந்தாவும் சம்பத்தும்தான் பார்த்தார்கள். நான் ஒன்றே ஒன்றை மனதில் வைத்துக்கொண்டிருந்தேன். தாரை வார்த்துக் கொடுக்கும்போது பெண்ணின் கையைப் பிடித்து நான்தான் கொடுப்பேன். அதை எந்தக் கொம்பனும் எனக்குப் பதிலாகச் செய்ய முடியாது என்று நினைத்தேன். மாற்று ஆள் வழக்கம்போலத் தாமதம். முகூர்த்தத்துக்கு முந்தின மாலைதான் படியிறங்கினேன். தாரை வார்ப்பவர்கள் பட்டினியாக இருக்க வேண்டும் என்பதால் வழியில் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் தொடவில்லை. தாம்பரத்தில் இறங்கி, பூந்தமல்லிக்குப் பஸ் பிடித்து, அங்கே பஸ் ஸ்டாண்டில் இட்லிக் கடை வாசனையில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஆவடி பஸ் ஏறினேன்.

கோயில் பக்கத்து மண்டபத்தில் நான் நுழைந்தபோது சம்பத்தும் ராணியும் மணையில் உட்கார்ந்திருந்தார்கள். புது வேட்டி, புதுப் புடவை. நான் வருவேனோ மாட்டேனோ என்று வசந்தா அவர்களை விரதம் இருக்கச் சொல்லியிருக்கிறாள். அவளைக் குற்றம் சொல்ல முடியுமா? பத்தொன்பது வருஷம் என்னை எதிர்பார்த்து எதிர்பார்த்துக் கற்றுக்கொண்ட பாடம். என்னைப் பார்த்ததும் சம்பத் சடாரென்று எழுந்துவிட்டான். வா மாமா, உன் எடம் என்று துண்டால் மணையைத் துடைத்தான். ராணி எழவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். கலா என்னைப் பார்த்துச் சிரித்தாள். வந்துட்டீங்களா என்று கேட்கிற சிரிப்பு. அப்புறம் அவள் கண் மாமாவிடம் போயிற்று, அங்கேயே நின்றுவிட்டது. வாய் திறந்து கேட்கிற பெண்ணும் இல்லை.

ஐயர் அவசரப்பட்டார். பெண்ணோட தகப்பனார் விரதம்தானே, சீக்கிரம் வந்து உட்காருங்கோ என்றார். பசியில் எனக்குக் காது அடைத்துக்கொண்டிருந்தது. இல்லை சாமி, பூந்தமல்லியில் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டேன், ஞாபகமே இல்லை என்றேன். கூட்டத்தில் யாரோ தலையில் அடித்துக்கொண்டார்கள். பஸ் ஸ்டாண்டில் நான் எதையும் வாயில் வைக்கிறவன் இல்லை என்று வசந்தாவுக்குத் தெரியும். அவள் என்னையே பார்த்தாள். சம்பத் மறுபடி உட்கார்ந்தான். கலா இறுக்கிப் பிடித்திருந்த மூச்சை விட்டது எனக்குத் தெரிந்தது. அவன் அவள் கையை எடுத்து மாப்பிள்ளை கையில் வைத்தபோது, ராணி ஊற்றிய தண்ணீரோடு அவன் கண்ணீரும் சேர்ந்து விழுந்தது. அது என் இடம்தான். ஆனால் அவளைத் தூக்கி வளர்த்த கை அவனுடையது.

எங்கே நிற்பது என்று தெரியாமல் நான் நின்றுகொண்டிருந்தேன். வசந்தாவின் பெரியம்மா என் முழங்கையைப் பிடித்து மணைக்குப் பின்னால் குத்துவிளக்குப் பக்கம் இழுத்துப் போனாள்.

"துன்னுட்டு வந்துட்ட, இன்னா பண்றது. இங்க குந்திக்கினு ஃபேன் காத்துல வெளக்கு அணையாம பாத்துக்கோ, அது போதும்."

ஊருக்கெல்லாம் வெளிச்சம் காட்டினாயே, பெற்ற பெண்ணுக்கு என்ன சீர் செய்தாய் என்று யாராவது கேட்டால், சாப்பிடாத நாலு இட்லி என்றுதான் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.